லாரி அம்மா தைத்த போர்வை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உங்கள் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் முதல் ஊர் வந்து சேர்ந்தோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சுண்டு எப்படி இருக்கிறாள்? முதலில் அதைச் சொல்லுங்கள். நாங்கள் கிளம்பும்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாள், அவள் அழுதால் நான் வண்டியில் ஏறமாட்டேன் என்று இவர் எழுப்ப விடவில்லை. கண் விழித்ததும் என்ன கேட்டாள்? மறைக்காமல் எழுதுங்கள்.

லாரிக்குள் குடித்தனம் நடத்தப் போகிறாயா என்று சிரித்தீர்களே, நடத்துகிறேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற பலகை. அதற்கடியில் ஸ்டவ், இரண்டு பாத்திரம். மீதி இடமெல்லாம் என் துணிப்பைகள்தான். “லோடு பின்னாடி இருக்கா, முன்னாடி இருக்கா?” என்று கேட்கிறார். நீங்கள் தையல் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெட்டுத்துண்டுகளை வீட்டிலேயே உள்ளங்கை அளவுச் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. ஓடுகிற வண்டியில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. ஊசியில் நூல் கோக்கவும் முடியாது. அதனால் காலையில் கிளம்புமுன்பே நிறைய ஊசிகளில் நூல் கோத்து, முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கிற அட்டையில் குத்தி வைத்துவிடுகிறேன். ஒவ்வொன்றாக எடுத்துச் சதுரங்களை இணைத்துக்கொண்டே போகிறேன்.

லோடு இருந்தால் வண்டி ஆடாது, தையல் நேராக விழுகிறது. காலி வண்டி துள்ளும், தையல் கோணிக்கொள்ளும். போர்வையைப் பார்த்தே எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம் என்று சொல்லிவிடலாம். முதல் போர்வை சுண்டுவுக்கு. அடுத்தது உங்களுக்கு. வருஷம் முடிவதற்குள் நாலாவது போர்வையில் இருப்பேன், பாருங்கள்.

கிளீனர் வேலையை விட்டுவிட்டான், இவருடைய சர்க்கரை உடம்புக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் நான் கூடப் போயிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். பதிலை, பின்பக்கம் எழுதியிருக்கிற லாரி ஆபீஸ் முகவரிக்குப் போடுங்கள்.

குழந்தையை உங்கள் மடியில் விட்டிருக்கும்,
ஊசிக்காரி


பிப்ரவரி 22

அன்பு ஊசிக்காரிக்கு,

நானும் சுண்டுவும் சுகம். முதுகுவலியும் என்னை விட்டுப் போகாமல் சுகமாகவே இருக்கிறது.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுந்ததும் நேரே வாசலுக்குப் போனாள். லாரி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள். “அத்தை, லாரி அம்மாவையும் தூக்கிட்டுப் போயிடுச்சா?” என்றாள். “ஆமாடா, திருப்பிக் கொண்டாந்து விட்டுடும்” என்றேன். அழவில்லை. ஆனால் அன்று முழுக்க அந்தக் கறைமேல் யாரையும் கால் வைக்க விடவில்லை. தபால்காரர் சைக்கிளை அதன்மேல் நிறுத்திவிட்டார் என்று அவரோடு ஒரே சண்டை. “அம்மா எப்ப வரும்?” என்று தினமும் கேட்கிறாள். பகலில் எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போகிறேன்.

கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள், இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று தெருவில் பேச்சு. எங்கள் அம்மா போன பிறகு உன் வீட்டுக்காரனை இடுப்பில் தூக்கி வளர்த்தது யாராம்? அவன் வளரவில்லையா? கொஞ்சம் முரடாக வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான். வேளைக்கு மாத்திரை போடுகிறானா என்று பார்த்துக்கொள். வேகமாக ஓட்டினால் நான் திட்டியதாகச் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். நீங்களும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுண்டுவின் போர்வையை இன்றுதான் பார்சல் போட்டேன். மேலே சதுரங்கள், நடுவில் பழைய கம்பளி, அடியில் அவள் அப்பாவின் பழைய சட்டைத் துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டத்தையல் போட்டிருக்கிறேன். தையல் முடிச்சுகளை எல்லாம் உள்பக்கம் தள்ளிவிட்டேன், அவள் உடம்பில் குத்தாது.

இரண்டாவது போர்வை அவ்வளவு வேகமாக நகரவில்லை. ஓடுகிற வண்டியில் தைத்தால் தலை சுற்றுகிறது. அதனால் வண்டி நிற்கும்போது மட்டும்தான் ஊசியைத் தொடுகிறேன். மற்ற நேரமெல்லாம் கிளீனர் வேலை. இடது பக்கம் என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். “சைக்கிள்”, “ஆளு நிக்குது”, “இப்ப போலாம்”. தூக்கத்தில்கூட “போலாம், போலாம்” என்கிறேனாம். “எங்கடி போற?” என்று இவர் எழுப்புகிறார்.

போன வாரம் ஓர் ஊசி அவர் காலடியில் விழுந்துவிட்டது. பளபளவென்று கண்ணெதிரே கிடந்ததை விரலால் தடவித் தடவித் தேடிக் குத்திக்கொண்டார். கண்ணில் தூசியாம். சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சுண்டு என்னைப் பற்றி இப்போது என்ன கேட்கிறாள்?

ஊசிக்காரி


மே 16

அன்பு ஊசிக்காரிக்கு,

இப்போது நாங்கள் நன்றாக இருக்கிறோம். இப்போது என்று ஏன் எழுதுகிறேன் என்றால் நடுவில் சுண்டுவுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாளைக்குமேல் படுத்திவிட்டது. தூரத்தில் இருக்கிறவளுக்கு எழுதி என்ன ஆகப் போகிறது என்று எழுதவில்லை. எதிர்வீட்டில் விட மனசு வராமல் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். காலர் தைக்கிற வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள்.

போர்வை வந்தது. பிரித்ததும் முகத்தை அதில் புதைத்து, “லாரி வாசனை” என்றாள். அதைப் போர்த்திக்கொண்டால்தான் மருந்து குடித்தாள். காய்ச்சலில் நாக்குக் குழறி, ‘அத்தை’ என்பதோடு ‘அம்மா’வையும் சேர்த்து ‘அத்தம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தவள் இன்னும் விடவில்லை. கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்.

தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு வேறு நினைப்பு ஓடுகிறது. சுண்டுவுக்குத் தம்பியா, தங்கையா? அப்படி ஏதாவது இருந்தால் லாரியை விட்டு இறங்கி மரியாதையாக வீடு வந்து சேர். இல்லையென்றால், நாலு போர்வை என்று சவடால் பேசியவள் இரண்டாவதிலேயே நிற்பது ஏன் என்று சொல்.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். நீங்கள் நினைப்பதுபோல் விசேஷம் எதுவும் இல்லை.

காய்ச்சலைப் பற்றி அன்றே எழுதியிருக்கலாம். வந்திருக்க முடியாதுதான். ஆனாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

அத்தம்மா நல்ல பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த மாசக் கடைசியில் நம் ஊர்ப்பக்கம் ஒரு லோடு இருக்கிறது. இரண்டு நாள் வீட்டில் தங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் வரப்போகிறேன் என்று சுண்டுவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். என் போட்டோவை அவளுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள்.

ஊசிக்காரி


ஜூலை 12

அன்பு ஊசிக்காரிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே குழந்தை சுகம். நானும் ஏதோ இருக்கிறேன்.

அவள் என் பின்னாலேயே ஒளிந்துகொண்டு நின்றதை மனசில் வைத்துக்கொள்ளாதே. குழந்தைகள் அப்படித்தான். நீ கையை நீட்ட நீட்ட அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளும் நீ பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தும் அவள் என் பக்கமே திரும்பிப் படுத்தாள். நீங்கள் போன பிறகு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இனி நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். சாப்பிடும்போது தம்பியின் இடது கைப்பக்கம் டம்ளர் வைத்தேன். இரண்டு முறையும் தட்டிவிட்டான். மூன்றாவது முறை நீ அதை எடுத்து வலது பக்கம் வைத்தாய். அவன் தேடவே இல்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான், இடதுதோள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னடி மறைக்கிறீர்கள் இரண்டு பேரும்?

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுத ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன்.

அவருக்கு இடது கண் போய்விட்டது. நாங்கள் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டது. சர்க்கரையால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்துவிட்டதாம். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். வண்டி ஓட்டவே கூடாது என்று எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டை இவர் டாக்டர் வீட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டார்.

“ஸ்டீரிங்க விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?” என்று கேட்டார். அக்கா, உங்களுக்குத் தெரியும், அவர் யாரிடமும் அப்படிக் கேட்டவர் இல்லை. “லெஃப்ட் சைடு நீ பாத்துக்கோ, ரைட்டு நான் பாத்துக்கறேன். ஒரே ஒரு வருஷம்” என்றார். அதற்காகத்தான் ஏறினேன். கிளீனர் தானாகப் போகவில்லை, நாங்கள்தான் அனுப்பினோம்.

முதலில் நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது தைக்க முடிந்தது. இப்போது ஒரு தையல் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. துணி மடியில் கிடக்கிறது, ஊசி அட்டையில் இருக்கிறது, கண் ரோட்டில் இருக்கிறது. செய்வது தப்பு என்று தெரியாமல் செய்யவில்லை. தெருவில் நடக்கிற ஒவ்வொரு ஆளையும் பார்க்கும்போது தெரிகிறது.

அவருக்கு எழுதிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் உடைந்துபோவார். எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

ஊசிக்காரி


அக்டோபர் 5

அன்பு ஊசிக்காரிக்கு,

சீக்கிரம் எழுதச் சொன்னாய். இரண்டு மாசம் ஆகிவிட்டது. முதலில் கோபத்தில் எழுதவில்லை. அப்புறம் பயத்தில் எழுதவில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். நான்தான் சரியாக இல்லை.

வண்டியை நிறுத்தச் சொல். நான் சொன்னதாகவே சொல். அவன் கண்ணுக்கு அழுவதற்கு நாம் இரண்டு பேர் இருக்கிறோம், ரோட்டில் போகிறவன் என்ன பாவம் செய்தான்? வீட்டுக்கு வாருங்கள். இருப்பதைச் சாப்பிடலாம்.

இதை எழுத நான் அன்றைக்கே உட்கார்ந்தேன். பேனா நின்றுவிட்டது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சுண்டு இப்போது என்னை ‘அம்மா’ என்கிறாள். அத்தம்மாவிலிருந்து ‘அத்’ எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. ஆரம்பத்தில் திருத்தினேன். “அத்தைன்னு சொல்லு” என்பேன். பிறகு ஒருநாள் திருத்தவில்லை. காது கேட்காததுபோல் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் திருத்தவில்லை. உன்னை ‘லாரி அம்மா’ என்கிறாள். புதிதாகச் சேர்த்திருக்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ போர்வையைப் பற்றிக் கேட்டதற்கு, “லாரி அம்மா தச்சது. எங்க அம்மா வீட்ல இருக்காங்க” என்றாளாம்.

உங்களை வாருங்கள் என்று எழுத வேண்டிய நேரத்தில், வந்துவிடுவீர்களே என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்தது. என் தம்பியின் உயிர் ஒரு பக்கம் இருக்கும்போதே வந்தது. அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வா.

அக்கா


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், காயமில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஒரு மார்க்கெட் தெரு. லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியில் வந்துகொண்டிருந்தோம். இடது பக்க ஓரத்தில் பழவண்டிக்காரர் ஒருவர் குனிந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. நான் அப்போது தைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அன்று காலைதான் லாரி ஆபீஸில் கிடைத்தது. என் முகத்தை இவர் பார்க்கக் கூடாது என்று போர்வையை எடுத்து மடியில் வைத்துக் குனிந்துகொண்டேன்.

சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். இவர் பிரேக்கை மிதித்துவிட்டு, “என்ன அது? ஆளா? ஆளு இருந்தாங்களா?” என்று என்னையே கேட்டார். இறங்கி லாரியின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே போனார். பழவண்டிக்காரருக்குக் கால் முறிந்துவிட்டது, இரண்டு இடத்தில். உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் இவர் கீழே உட்கார்ந்தார். அந்த மனிதரின் மனைவி எங்களைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிக்க என்னால் முடியவில்லை.

போலீஸ்காரரிடம் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாதுங்க. தெரியாதுன்னு தெரிஞ்சுதான் ஓட்டினேன். இவ மேல தப்பு இல்ல” என்றார். லைசன்ஸ் போய்விட்டது. கேஸ் நடக்கும். லாரி முதலாளியின் ஆளிடம் சாவியைக் கொடுக்கப் போனபோது அதை எந்தப் பக்கம் நீட்டுவது என்று இவருக்குத் தெரியவில்லை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் வருகிறோம். வழக்கு விஷயமாக இங்கே இன்னும் சில நாள் இருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் போர்வை பாதியில்தான் நிற்கிறது. நீங்கள் எழுதியதைப் பற்றி எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவளுக்கு அம்மா என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தது. அதுமட்டும் நல்லதாக நடந்தது.

ஊசிக்காரி


டிசம்பர் 18

அன்பு ஊசிக்காரிக்கு,

நான் இந்த ஊருக்குச் சௌகரியமாக வந்து சேர்ந்தேன். இங்கே தையல் கம்பெனி பெரியது. தங்குவதற்குக் கொடுத்திருக்கும் அறையில் எட்டுக் கட்டில்கள், ஜன்னலோரம் எனக்கு. என் வயசுக்காரி யாரும் இல்லை, எல்லாம் சின்னப் பெண்கள். என்னைப் ‘பெரியக்கா’ என்கிறார்கள்.

தம்பி சொட்டு மருந்து விடுகிறானா? மாத்திரை டப்பாக்களின் மூடியில் நூல் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு சுற்று காலைக்கு, இரண்டு சுற்று இரவுக்கு. கையால் தொட்டே கண்டுபிடித்துவிடுவான். கொல்லைக் குழாயை இறுக்கி மூடாவிட்டால் ராத்திரி முழுக்கச் சொட்டும். தையல் மெஷின் பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்று. காலர் கொண்டுவருகிறவன் எண்ணிக்கையில் ஏமாற்றுவான், பார்த்து வாங்கு. மழை வந்தால் சமையலறை மூலையில் ஒழுகும்.

நான் வீட்டில் இருக்கிறவரைக்கும் சுண்டு நீ கொடுத்தால் சாப்பிடமாட்டாள், நீ தலைவாரினால் நிற்கமாட்டாள் என்பதை உன் கண்ணாலேயே பார்த்தாய். அதனால்தான் கிளம்பினேன். பட்டப்பகலில், அவளிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். என் பையின் வாரைப் பிடித்திருந்த கையை நீதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாய். அதை நினைத்து நீ வருத்தப்படாதே. அதைச் செய்ய என்னால் முடிந்திருக்காது.

நீ எனக்குத் தைத்த போர்வையைக் கொண்டுவந்திருக்கிறேன். தையல் ஓடாத பாதியை நானே ஓட்டலாம் என்று உட்கார்ந்தேன். உன் கை மாதிரி வரவில்லை.

லீவு கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் இப்போதைக்கு வரமாட்டேன். அவள் உன்னை அம்மா என்று கூப்பிடுகிற அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம். அவள் என்னைக் கேட்டாள், அழுதாள் என்றெல்லாம் எழுதாதே.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஜன்னலோரம் காற்று அடித்தால் முதுகுக்கு ஆகாது, கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றீர்கள். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதுவதற்கு அந்த வேறொன்றுதான் இருந்தது. நீங்கள் போன பிறகு அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. “தண்ணி குடுங்க”, “பட்டன் போட்டு விடுங்க” என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல் ‘நீங்க’ போட்டுப் பேசினாள். உங்களிடம் ‘நீ, வா, போ’தானே. நானும் அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்கு வருகிற காலர்களைத் தைப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை நிறம் பிரித்துக்கொண்டிருப்பாள்.

அவருக்கு அவளும் அவளுக்கு அவரும்தான் துணை. வலது கண்ணில் கொஞ்சம் உருவம் தெரிந்துகொண்டிருந்தது. அதை வைத்தே தினமும் காலையில் அவளுக்குச் சட்டை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ணுவார். பட்டன் ஒன்று மேலே ஒன்று கீழே போகும், அவள் அப்படியே போவாள், திருத்தவிடமாட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். “அம்மா” என்று சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை, அக்கா. அந்த வார்த்தை உங்களுடையது என்று என் காது பழகிவிட்டது. உங்களை நினைத்து அழைக்கிறாள் என்றே நினைத்தேன். மறுபடியும், “அம்மா, வாயேன்! சீக்கிரம் வா!” என்றாள். கொல்லைக் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

ஓடினேன். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில், அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா என்னைத் தேடறாரு. நான் இங்கதான் நிக்கறேன்.”

டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். அந்தக் கண்ணும் முடிந்துவிட்டது. வருகிற வழியெல்லாம் அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு, “சைக்கிள்”, “ஆளு நிக்குது”, “இப்ப போலாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கு வழி சொல்லி அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது, எப்போது சொல்லிக்கொடுத்தாரோ.

நீங்கள் கேட்ட வரியை எழுதிவிட்டேன். இனி நீங்கள் வரலாம். உங்களையும் அம்மா என்றே கூப்பிட்டால் கூப்பிடட்டும், நான் திருத்தமாட்டேன். இந்த வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒரு ஆள் போதவில்லை.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
ஊசிக்காரி